குளத்து நீர் பார்த்து விதைப்பது: வன்னியில் பிள்ளைகளோடு பட்டமேற்படிப்புச் செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோடைப் போகமான சிறுபோகம் தொடங்குவதற்கு முன் எங்கள் பக்கத்தில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று முதலில் சொல்வார்கள். அதைக் கேட்ட பிறகுதான் இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று முடிவாகும். ஆசைக்கு ஏக்கரைக் கூட்டினால் கதிர் வரும் நேரம் வாய்க்கால் வறண்டுபோகும். இரணைமடுவுக்குக் கீழே விதைக்கிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது.

நானும் அந்தக் கணக்கோடு வளர்ந்தவள்தான். ஆனால் ஏழு வயது மகளையும் மூன்று வயது மகனையும் வைத்துக்கொண்டு விவசாயத்தில் முதுமாணிப் பட்டத்துக்குப் பதிந்தபோது முதலில் ஏக்கரைத் தீர்மானித்தேன். நீர் எவ்வளவு என்று பிறகுதான் பார்த்தேன். முதல் காலபோகத்தில், அதாவது மாரிமழைப் போகத்தில், எடுத்த தரவில் பாதி பயன்படாமல் போனது. இரண்டாவது காலபோகத்துக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். அப்படி மாற்றிய ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறேன். என் ஆய்வு உழுந்தும் மண் ஈரமும். வீடு விசுவமடுவில். ஆய்வுக்கும் வீட்டுக்கும் வெளியே எனக்கென்று இருப்பது குளக்கட்டில் பறவை பார்ப்பது. உங்கள் துறையும் விருப்பமும் வேறாக இருக்கலாம். படிகள் பெரும்பாலும் பொருந்தும். தாய்மாருக்கு மட்டும் எழுதவில்லை, தந்தையருக்கும்தான்.

படி 1: கையில் இருக்கும் நேரத்தை அளந்துகொள்ளுங்கள்

ஒரு கிழமை முழுக்க ஒரு கொப்பியை அடுப்படியில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் பிள்ளையும் வீடும் கேட்காத நேரம் எவ்வளவு கிடைத்தது என்று உள்ளபடி எழுதுங்கள். கிடைத்திருக்க வேண்டிய நேரத்தை எழுதாதீர்கள், கிடைத்ததை மட்டும் எழுதுங்கள்.

எனக்கு வந்த கணக்கு இது. வேலைநாட்களில் காலை 4.30 முதல் 5.45 வரை, ஐந்து நாளுக்கு ஆறே கால் மணித்தியாலம். மகன் முன்பள்ளியில் இருக்கும் நேரம், கிழமையில் இரண்டு நாள், ஐந்து மணித்தியாலம். மற்ற மூன்று நாளும் அந்த நேரம் சமையலுக்கும் கிணற்றடிக்கும் போகிறது. ஞாயிறு பின்னேரம் என் கணவர் பிள்ளைகளைப் பார்க்கும்போது மூன்று மணித்தியாலம். மொத்தம் பதினாலே கால்.

இதை எதோடு ஒப்பிடுவது? இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறியும் ஆய்வும் சேர்ந்த முதுமாணிப் பட்டம் 10ஆம் மட்டம். அதற்கு மொத்தம் 60 கிரெடிட், அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு. ஆய்வில் ஒரு கிரெடிட் என்றால் குறைந்தது 100 மணித்தியால உழைப்பு. அப்படியானால் ஆய்வுக்கு மட்டும் 1500 மணித்தியாலம். கிழமைக்குப் பதினாலு என்று வைத்தால் 107 கிழமை, இரண்டு வருடத்துக்குச் சற்று மேல். காய்ச்சல், மழை, கோயில் திருவிழா, செத்தவீடு என்று நான்கில் ஒரு பங்கு போகும். அது போக மிஞ்சுவது கிழமைக்குப் பத்தரை மணித்தியாலம். இப்போது 143 கிழமை, ஏறத்தாழ இரண்டே முக்கால் வருடம்.

இந்த எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நான் பயந்தது இந்த எண் தெரியாமல் இருந்த மாதங்களில்தான். எண் தெரிந்தால் மேற்பார்வையாளரோடும் வீட்டோடும் பேச ஒரு பிடி கிடைக்கும். முதுதத்துவமாணி 11ஆம் மட்டம், கலாநிதி 12ஆம் மட்டம். அவற்றுக்குக் கணக்கு இன்னும் பெரிது, ஆகவே பதியும் முன்பே போட்டுப் பாருங்கள். முழுநேரமா பகுதிநேரமா என்ற தெரிவையும் இந்த எண்ணை வைத்தே எடுங்கள்.

படி 2: ஆய்வை வீட்டுக்குக் கிட்ட இழுத்து வாருங்கள்

வன்னியில் தூரம் நேரத்தைத் தின்னும். விசுவமடுவில் இருந்து பல்கலைக்கழக பீடங்கள் இருக்கும் அறிவியல் நகருக்குப் போக பரந்தன் வீதியால் வந்து, கிளிநொச்சியில் பஸ் மாறி, ஏ9 வழியே தெற்கே போகவேண்டும். பஸ்ஸைத் தவறவிட்டால் முன்பள்ளி விடும் நேரத்துக்குத் திரும்ப முடியாது. முன்பு இங்கிருந்து பட்டமேற்படிப்பு என்றால் யாழ்ப்பாணம் அல்லது பேராதனை என்றுதான் இருந்தது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியா பம்பைமடுவில் இருந்த அதன் வளாகம் 2021 ஓகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆனது. பதிவு எங்கே இருந்தாலும், ஆய்வுகூட வசதியைக் கிட்டவுள்ள இடத்தில் பாவிக்க அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். மேற்பார்வையாளர் ஊடாகப் போகும் கடிதத்துக்குப் பெரும்பாலும் பதில் வரும்.

வயல் பரிசோதனை என்றால் நிலம் சைக்கிளில் போய்வரும் தூரத்துக்குள் இருக்கட்டும். தொடர்ந்து பயிர்செய்யப்பட்ட காணியையே தெரியுங்கள். காட்டோரத்தில் புதிதாகத் துப்புரவாக்கிய நிலம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கண்ணிவெடி அகற்றிய இடமா என்று காணிக்காரரிடமும் கிராம அலுவலரிடமும் கேட்காமல் எந்த மண்ணிலும் துளை போடாதீர்கள். யானை வரும் பாதையில் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு நிற்க வேண்டாம். உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சமூகவியல், கல்வி, சுகாதாரம் செய்பவர்களுக்கு ஒரு சொல். எங்கள் சனம் தங்கள் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் களைத்துவிட்டது. படிவத்தோடு ஒருவர் வந்தாலே, போனமுறை வந்தவர் என்ன செய்தார் என்று கேட்பார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைக்கும் முன் ஒரு வீட்டுப் படலையையும் திறக்காதீர்கள். கிடைத்த பிறகு, ஒரு வீட்டுக்கு ஒருமுறை போய் முடியும்படி கேள்விகளைச் சுருக்குங்கள். அது அவர்களுக்கும் மரியாதை, உங்கள் நேரத்துக்கும் நல்லது.

படி 3: ஏக்கரைக் குறையுங்கள், ஆனால் சரியான பக்கத்தில் குறையுங்கள்

இந்தப் படியில்தான் நான் சறுக்கினேன், ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

முதல் வருடத் திட்டத்தில் நான்கு பரிகரிப்பு (ஒப்பிட்டுப் பார்க்கும் முறைகள்), நான்கு மீள்செய்கை (ஒவ்வொரு முறையையும் திரும்பச் செய்யும் துண்டுகள்), மூன்று ஆழம். ஒரு தடவைக்கு 48 மண் மாதிரி. பத்து நாளுக்கு ஒருமுறை என்று ஏழு தடவை, மொத்தம் 336. துளைகருவியைப் போட்டு, மண்ணை எடுத்து, பையில் இட்டு, பெயர் எழுதிக் கட்ட ஒரு மாதிரிக்குப் பத்து நிமிடம். 48 மாதிரிக்கு எட்டு மணித்தியாலம். அத்தோடு வேலை முடியாது. ஈர நிறையை அன்றே நிறுக்கவேண்டும், விட்டால் ஈரம் போய்விடும். மறுநாள் 105 பாகை செல்சியஸில் 24 மணித்தியாலம் ஆய்வுகூட உலர்த்தும் அடுப்பில் வைத்து, அதற்கு அடுத்த நாள் போய் உலர் நிறையை எடுக்கவேண்டும். ஆக ஒவ்வொரு தடவையும் அடுத்தடுத்து மூன்று நாள் எனக்கு வேண்டும். அந்த மூன்று நாளில் ஒரு நாள் பிள்ளைக்குச் சளி பிடித்தாலே அந்தத் தடவை முழுக்கப் பழுது. நான்கு தடவை அப்படிப் போனது.

இரண்டாம் வருடம் குறைத்தேன். இங்கே பலர் செய்யும் பிழை மீள்செய்கையைக் குறைப்பது. அதைத் தொடாதீர்கள். மீள்செய்கை குறைந்தால் பிழையை மதிப்பிடக் கிடைக்கும் தகவல் (சுயாதீனப் பாகைகள்) சுருங்கும், உண்மையான வித்தியாசம் இருந்தாலும் புள்ளிவிபரம் காட்டாது. நான் குறைத்தது ஆழத்தையும் தடவையையும். மூன்று ஆழம் இரண்டானது. உழுந்து 70, 80 நாளில் முடியும் பயிர். அதில் பதினாலு நாளுக்கு ஒருமுறை என்று ஐந்து தடவை. ஒரு தடவைக்கு 32, மொத்தம் 160. அறுவடை மட்டும் மாற்றமில்லை, எல்லாத் துண்டிலும் எடுத்தேன். 336க்குத் திட்டமிட்டு அரைகுறையாக எடுத்ததைவிட முழுமையாக எடுத்த 160 என் கேள்விக்குத் தெளிவான பதில் தந்தது.

எதைக் குறைப்பது என்பதை மேற்பார்வையாளரோடு சேர்ந்து, விதைப்புக்கு முன் தீர்மானியுங்கள். நடுவில் குறைத்தால் அது விடுபட்ட தரவு. முன்கூட்டியே குறைத்தால் அதுதான் உங்கள் பரிசோதனை வடிவமைப்பு.

படி 4: வீட்டில் வெளிப்படையாகப் பேசுங்கள்

என் மாமி எங்களோடு இருக்கிறா. கணவர் ஆசிரியர், பாடசாலை விட்டு இரண்டரைக்கு வந்துவிடுவார். இந்த இரண்டு கையும் இல்லாத வீடுகள் வன்னியில் நிறைய உண்டு. சொந்தக்காரர் பாதிப்பேர் வெளிநாட்டில், மிச்சப்பேர் வெவ்வேறு ஊரில். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாரும் பலர். ஆகவே அம்மம்மா பார்ப்பா என்று எடுத்துக்கொண்டு எழுதப்படும் ஆலோசனையை நான் நம்புவதில்லை.

எல்லோருக்கும் பொருந்துவது கைமாறுதான். பக்கத்து வீட்டு அக்கா தையல் செய்பவ. வயல் நாட்களில் என் மகன் அவவோடு இருப்பான். அவ கிளிநொச்சிக்குத் துணி எடுக்கப் போகும் நாளில் அவவின் இரண்டு பிள்ளைகளும் எங்கள் வீட்டில். எந்த நாள், எத்தனை மணி தொடக்கம் எத்தனை மணி வரை, சாப்பாடு யாருடையது என்று மாதத் தொடக்கத்திலேயே பேசிவிடுவோம். கடைசி நிமிடத்தில் கேட்கும் உதவி அடிக்கடி வந்தால் உறவையே அரித்துவிடும். திட்டமிட்ட கைமாறு அப்படி அரிக்காது.

கணவன் மனைவிக்குள்ளும் உதவி என்ற சொல்லை விட்டுவிடுங்கள். இவர் ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளைப் பார்ப்பது எனக்குச் செய்யும் உதவி அல்ல, அவருடைய பங்கு. சொல்லைக் கைவிட்டபிறகு அதைக் கேட்கும்போது வந்த தயக்கமும் போனது.

மாமிக்கு என் படிப்பு என்னவென்று நீண்டநாள் விளங்கவில்லை. ஒரு நாள் வயலுக்குக் கூட்டிப்போய்த் துண்டுகளைக் காட்டினேன். இலை மஞ்சளாகும் வைரசு நோயை வெண் ஈ பரப்புகிறது என்று நான் சொல்லத் தொடங்க, எந்த மூலையில் முதலில் மஞ்சள் விழும் என்று அவ கை நீட்டிக் காட்டினா. முப்பது வருடம் உழுந்து விதைத்தவ. அன்றிலிருந்து சனிக்கிழமைச் சமையலை அவவே எடுத்துக்கொண்டா. வீட்டு ஆட்களுக்கு உங்கள் வேலையைக் கண்ணால் காட்டுங்கள்.

அரச சேவையில் இருந்துகொண்டு படிப்பவர்களுக்கு இரண்டு விடயம். பிரசவ விடுமுறை முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள். அது உங்கள் அலுவலகத்துக்கானது, பல்கலைக்கழகப் பதிவு தானாக நிற்காது. கர்ப்பம் உறுதியானதும் பதிவை இடைநிறுத்தவோ நீடிக்கவோ என்ன ஒழுங்கு என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

படி 5: வருடத்தைப் போகமாகப் பிரியுங்கள்

நாட்குறிப்பைவிட எனக்கு உதவியது ஒரு பெரிய பிரிஸ்டல் மட்டையில் கீறிய வருடப் படம். ஓகஸ்டும் செப்டெம்பரும் ஆயத்தம்: விதை, பை, லேபல், காணிக்காரரோடு பேச்சு. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வயல். வடகீழ் மழையும் காய்ச்சலும் பாடசாலைப் பரீட்சையும் ஒன்றாக வரும் காலம், எழுத்து வேலை எதையும் இங்கே வைக்காதீர்கள். பெப்ரவரி, மார்ச்சில் நிறுப்பதும் தரவைத் துப்புரவாக்குவதும். ஏப்ரல் முதல் ஜூலை வரை மத்தியானத்தில் வெளியே நிற்க முடியாத வெக்கை. அது எழுத்துக்கான காலம். வைகாசி விசாகப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போவீர்கள் என்றால் அந்தக் கிழமையை இப்போதே அடைத்து வையுங்கள். பாடசாலைத் தவணைத் திகதிகள் அண்மைய வருடங்களில் மாறி மாறி வந்ததால் அவற்றைப் பென்சிலால் எழுதுங்கள்.

மழையை நம்பிய பயிரில் ஒரு போகம் பழுதானால் அடுத்த வாய்ப்பு ஒரு வருடம் கழித்துத்தான். அதனால் திட்டத்தில் முதலிலேயே இரண்டு காலபோகம் போடுங்கள். முதலாவது நன்றாக வந்தால் இரண்டாவது உறுதிப்படுத்தும்.

படி 6: வேலையை மூன்று அளவில் வெட்டி வையுங்கள்

பிள்ளை வைத்திருப்பவருக்கு நேரம் துண்டு துண்டாகத்தான் வரும். இருபது நிமிடம் கிடைத்ததும் எதைச் செய்வது என்று யோசித்தே அதில் பத்து போய்விடும். ஆகவே கொப்பியில் மூன்று பக்கம் வைத்திருக்கிறேன்.

முதல் பக்கம் பத்து நிமிட வேலைகள். லேபல் எழுதுவது, ஒரு கட்டுரையின் சுருக்கத்தை வாசிப்பது, ஒரு அட்டவணைத் தலைப்பைத் திருத்துவது, மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் ஸொட்டேரோ மென்பொருளில் ஒரு மேற்கோளைச் சரிபார்ப்பது. இவற்றைக் கஞ்சி கொதிக்கும்போதும் ரியூசன் வாசலிலும் செய்யலாம். இரண்டாம் பக்கம் நாற்பது நிமிட வேலைகள். ஒரு பந்தி எழுதுவது, ஒரு வரைபடம் போடுவது. மூன்றாம் பக்கம் மூன்று மணித்தியாலம் வேண்டியவை. பகுப்பாய்வு, முடிவுகளை யோசித்து எழுதுவது. இந்த மூன்றாம் பக்கத்துக்கு ஞாயிறு பின்னேரம் மட்டுமே. அதைப் பத்து நிமிடத் துண்டுகளில் செய்ய முயலாதீர்கள். மனம் களைக்கும், ஒன்றும் நகராது.

காலை நாலரைக்கு எழும்பினால் போனைத் தொடவே தொடாதீர்கள். முதல் நாள் இரவு கடைசி வரியை முடிக்காமல் பாதியில் விட்டுவையுங்கள். அடுத்த காலை அந்த வரியை முடிப்பதில் தொடங்கினால் கை தானாக ஓடும்.

ஆய்வேடு ஆங்கிலத்தில்தான் போகவேண்டும். ஆனால் யோசனை எனக்குத் தமிழில்தான் வருகிறது. அதனால் வயலில் கண்டதைப் போனில் குரல் குறிப்பாகத் தமிழிலேயே பேசி வைப்பேன். காலையில் அதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவேன். வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட இது இரண்டு மடங்கு வேகம். பழைய உள்ளூர்ப் பிரசுரங்கள் தேடுபவர்கள் நூலகம் இணையத்தளத்தை மறக்கவேண்டாம். 2005இல் இருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்தி வருகிறார்கள்.

படி 7: தரவை மழையிலிருந்தும் மின்வெட்டிலிருந்தும் காப்பாற்றுங்கள்

வயல் கொப்பியில் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை மழையில் கரையும், பென்சில் கரையாது. பையின் உள்ளேயும் ஒரு லேபல், வெளியேயும் ஒரு லேபல். வீட்டுக்கு வந்ததும் மகன் கையில் கொப்பி போகும் முன் அன்றைய பக்கத்தைப் படம் எடுங்கள். ஞாயிறில் எக்செல்லில் ஏற்றுங்கள்.

பிரதி மூன்று இடத்தில் வேண்டும். லப்டொப்பில் ஒன்று, இணையத்தில் ஒன்று (கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம், ஸொட்டேரோவில் 300 எம்பி), வேறு வீட்டில் ஒரு பென்டிரைவ். வேறு வீடு என்பது முக்கியம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இரவோடிரவாக வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. அன்று நனைந்த சான்றிதழ்களையும் கொப்பிகளையும் சனம் வெயிலில் காயவிட்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மூலக் கொப்பிகளை இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் அலுமாரிக்கு மேலே வையுங்கள். சிக்னல் இல்லாத நாளுக்கு, வாசிக்கவேண்டிய கட்டுரைகளைக் கிழமைக்கு ஒருமுறை இறக்கி வைத்தால் போதும்.

படி 8: உங்களுக்கென்று இருப்பதை முதலில் குறியுங்கள்

இந்தப் படியைப் பலர் கடைசிக்குத் தள்ளுவார்கள். நான் ஒரு வருடம் முழுக்க விட்டிருந்தேன். பட்டம் முடியட்டும், பிறகு குளக்கட்டுக்குப் போகலாம் என்று தொலைநோக்கியை அலுமாரியில் வைத்துவிட்டேன். நேரம் மிஞ்சவில்லை. அந்த நேரம் இரவு பத்து மணிக்குப் போனைத் தட்டிக்கொண்டு படுத்திருப்பதாக மாறியது. ஆய்வும் வேகமாகவில்லை, பிள்ளைகளிடம் எரிந்து விழுவதுதான் கூடியது.

இப்போது வருடப் படத்தில் முதலில் குறிப்பது இதைத்தான். ஞாயிறு காலை ஆறு முதல் ஏழரை வரை, கிழமைக்கு ஒன்றரை மணித்தியாலம். படி 1இல் சொன்ன பதினாலில் இது சேராது, அதற்குப் புறம்பு.

எந்த விருப்பம் என்பதைப் பொறுத்து ஒழுங்கு மாறும். கூத்து ஆடுபவர், கோயில் பசனையில் பாடுபவர் என்றால் நேரம் உங்கள் கையில் இல்லை, குழுவின் கையில். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துக்குப் பழகும் காலத்தில் இரவுகள் போகும். அந்த மாதங்களில் ஆய்வுக்குப் பத்து நிமிட வேலைகளை மட்டும் வையுங்கள், மேற்பார்வையாளருக்கும் சொல்லிவிடுங்கள். கரப்பந்து விளையாடும் தந்தைமார், பின்னேரம் ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போகும்போது பெரிய பிள்ளையையும் கூட்டிப்போகலாம், அது வீட்டில் இருப்பவருக்கும் ஒரு மணித்தியாலம் தரும். வீட்டுத்தோட்டம் செய்பவர்களுக்கு எப்போது வேண்டுமானாலும் பத்து நிமிடம் கிடைக்கும், ஆனால் வெளியே போகும் ஆறுதல் கிடைக்காது. அவர்கள் மாதத்துக்கு ஒருமுறையாவது படலையைத் தாண்டிப் போகட்டும்.

பறவைக்குப் போகம் உண்டு. நவம்பர் தொடக்கம் மார்ச் வரை வலசைப் பறவைகள் நிற்கும். அதுவே என் வயல் காலமும். முதலில் இது எனக்குத் தொல்லையாகத் தெரிந்தது. பிறகு வயலுக்குப் போகும் வழியில் குளக்கட்டில் பதினைந்து நிமிடம் சைக்கிளை நிறுத்தப் பழகினேன். நெடுங்கால் உள்ளான், அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை, வரம்பில் கத்தும் ஆட்காட்டி. வருடத்தில் ஒருநாள் குடும்பமாகச் சுண்டிக்குளம் போவோம். 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம். பூநாரைக் கூட்டம் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தபோது மகள் மூச்சே விடாமல் நின்றாள். அங்கும் பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

கண்ட பறவைகளைப் பதியும் ஈபேர்ட் செயலியில் இணையம் இல்லாமலும் பட்டியல் போடலாம், வீட்டுக்கு வந்து ஏற்றலாம். அந்த எண்ணிக்கைகளை வைத்து ஒரு கட்டுரை எழுதலாமே என்று நண்பி ஒருத்தி சொன்னாள். ஒரு கிழமை அந்த யோசனையோடு திரிந்தேன். அந்தக் கிழமை குளக்கட்டில் நான் பறவையைப் பார்க்கவில்லை, எண்ணிக்கையைத்தான் பார்த்தேன். விட்டுவிட்டேன். உங்கள் விருப்பத்தை ஆய்வாக்க நினைக்கும் நாள் வரும். அந்த நாளில் உங்களுக்கு இளைப்பாற வேறு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஊர் கதைக்கும். பிள்ளையை விட்டுவிட்டுக் குருவி பார்க்கப் போகிறாளாம் என்று கடையடியில் சொன்னது என் காதுக்கு வந்தது. இரண்டு நாள் மனம் சரியில்லை. மூன்றாம் நாள் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது மழைக்காலத்தில் ஆறுமணிக் குருவியின் குரலை என்னைவிட முதலில் கேட்பது அவள்தான். அதே நேரம், மாதத்தில் இரண்டு ஞாயிறு நான் தனியாகத்தான் போவேன். பிள்ளையோடு போவது ஒரு சந்தோசம், தனியாகப் போவது இன்னொன்று. இரண்டும் எனக்கு வேண்டும்.

படி 9: காய்ச்சல் நாளுக்கு முன்கூட்டியே ஒழுங்கு வையுங்கள்

மாரிகாலத்தில் டெங்கு இங்கே கூடும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர வேறு மருந்து வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை. அந்த நாட்களில் ஆய்வு முழுக்க நிற்கும், அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. செய்யவேண்டியது இரண்டே இரண்டு. வயலைப் பார்க்கும் ஒருவருக்கு, ஏற்கனவே சொல்லி வைத்தபடி, ஒரு அழைப்பு. மேற்பார்வையாளருக்கு ஒரு செய்தி. நான் அனுப்பும் வடிவம் இது:

“வணக்கம் சேர். மகனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் நிற்கிறேன். இன்றைய மண் மாதிரி வெள்ளிக்கிழமைக்குப் போகிறது. விளைச்சல் அளவீட்டில் மாற்றம் இல்லை. இரண்டாம் அத்தியாயம் சொன்னபடி 20ஆம் திகதி வரும். வராவிட்டால் 18ஆம் திகதி அறிவிப்பேன்.”

என்ன மாறியது, என்ன மாறவில்லை, அடுத்து எப்போது என்பது அதில் இருக்கிறது. மன்னிப்பு இல்லை. பிள்ளைக்கு வருத்தம் வந்ததற்கு யாரும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. ஒருமுறை ஒருவர், குடும்பமா படிப்பா என்று தீர்மானியுங்கள் என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். வீடு வரும் வரை பஸ்ஸில் அழுதேன். இப்படிச் செய்தி அனுப்பப் பழகிய பிறகு, அந்தக் கேள்வி வருவதற்கு இடமே குறைந்துவிட்டது. திகதி தெளிவாக இருந்தால் நீங்கள் வேலையில் நிற்கிறீர்கள் என்பது எதிரே இருப்பவருக்குத் தெரியும்.

படி 10: காசு

சுருக்கமாகச் சொல்கிறேன். பஸ், கூலி, ஆய்வுகூடக் கட்டணம், அச்சும் கட்டுதலும் என்று நான்கு தலைப்பில் தனிக்கொப்பி போடுங்கள். வீட்டுச் செலவோடு கலந்தால் ஆறு மாதத்தில் சண்டை வரும். அறுவடை நாளுக்குக் கூலி ஆட்களை மாதத்துக்கு முன் சொல்லி வையுங்கள், ஊர் முழுக்க அதே கிழமையில்தான் வெட்டும்.

படி 11: கடைசி நான்கு மாதம்

இந்தக் காலத்தில் மட்டும் ஒழுங்கை மாற்றலாம். புதிதாக எதையும் வாசிக்காதீர்கள். முடிவுகள், அட்டவணைகள், கலந்துரையாடல், பிறகு அறிமுகம் என்ற வரிசையில் எழுதுங்கள். அறிமுகத்தை முதலில் எழுதிய என் அத்தியாயம் மூன்று முறை திருத்தப்பட்டது. பிள்ளைகளுக்கு நாட்காட்டியில் ஒப்படைக்கும் திகதியைக் காட்டி, கடந்த நாட்களை அவர்கள் கையாலேயே வெட்ட விடுங்கள். அம்மா ஏன் கதவைச் சாத்துகிறா என்பது அவர்களுக்கும் விளங்கும். வாய்மொழித் தேர்வுக்கு முன் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஆய்வைப் பத்து நிமிடத்தில் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவ எங்கே இடைமறித்துக் கேட்கிறாவோ, பெரும்பாலும் பரீட்சகரும் அங்கேதான் கேட்பார்.

ஞாயிறு காலை ஒன்றரை மணித்தியாலத்தை இந்த நான்கு மாதத்திலும் நான் தொடவில்லை. ஆய்வேட்டைக் கட்டக் கொடுத்துவிட்டு வந்தது ஒரு சனிக்கிழமை. அடுத்த நாள் குளம் பாதி வற்றியிருந்தது, வலசைப் பறவை ஒன்றும் இல்லை. மகனை முன்னுக்கு ஏற்றி, மகளைப் பின்னுக்கு ஏற்றி, நீர்க்காகங்கள் பட்டமரத்தில் சிறகு காயவைப்பதைப் பார்த்துவிட்டு வந்தோம். வரும் வழியில் பாலைப்பழம் விற்றார்கள், ஒரு சுண்டு வாங்கினோம்.